ஆள் இருக்கு

ஜூலை 3, திங்கள்

இன்றிலிருந்து என் வேலை, உட்கார்ந்து பார்ப்பது.

என் ஆய்வு நெறியாளர் நம்பி சார் காலையில் துறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "களப்பணின்னா வெயில்ல ஊர் ஊரா அலையணும்னு இல்லம்மா கனி. நம்ம பல்கலைக்கழக நூலகத்துலயே ஒரு மேஜையப் பிடி. எப்படி இடம் பிடிக்காங்க, யாரு யாருகூடப் பேசுதாங்க, எல்லாத்தையும் எழுது. நீ பேசாத, எதுலயும் தலையிடாத. நீ அங்க ஒரு நாற்காலி மாதிரி."

ஆறு வாரம். கட்டுரை நன்றாக வந்தால் டிசம்பரில் தில்லிக் கருத்தரங்கு. நான் சென்னையையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுக் குறிப்புகளுக்குத் தனிக் கோப்பு. இது எனக்காக. அங்கே எழுத முடியாத வம்பை எங்காவது கொட்ட வேண்டுமே.

ஜூலை 4, செவ்வாய்

முதல் மாடி வாசிப்பறை. பாதிப் பேர் மாணவர்களே இல்லை. படிப்பை முடித்துவிட்டு வெளியார் அட்டை வாங்கி, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். கதவு திறந்ததும் இவர்கள் ஓடி வருகிற வேகத்தைப் பார்த்தால் உள்ளே பந்தி போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஓடி வந்து உட்காருவார்களா என்றால் இல்லை. பையை வைத்துவிட்டு நிதானமாக இட்லி சாப்பிடக் கேன்டீனுக்குப் போகிறார்கள். பஸ்ஸில் துண்டு போடுகிற அதே வித்தைதான். கைக்குட்டை வைத்தால் மதிப்பில்லை, தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டில் பரவாயில்லை. பை வைத்துவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். சிலர் ராத்திரிகூடப் பையையும் புத்தகத்தையும் மேஜையிலேயே விட்டுப் போகிறார்கள். கூட்டுகிறவர்கள்கூடச் சுற்றித்தான் கூட்டுகிறார்கள்.

யாராவது வந்து "இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் தலையைத் தூக்காமலே "ஆள் இருக்கு" என்கிறார். அந்த ஆளை அவர் பார்த்தே இருக்கமாட்டார். ஆனாலும் சத்தியம் செய்கிற மாதிரிச் சொல்கிறார்.

'இருக்கைகளை முன்கூட்டியே பிடித்து வைக்கக் கூடாது' என்று சுவரில் அறிவிப்பு. அதற்கு நேர் கீழே உள்ள நாற்காலியில் வாசல் உதவியாளர் அந்தோணி அண்ணனின் சாப்பாட்டுப் பை. அவர் மச்சானுக்காம்.

ஜூலை 7, வெள்ளி

என் மேஜையில் ஏழு பேர். பெயர் தெரியாததால் நானே வைத்துவிட்டேன். எதிரே சோடாபுட்டி. அவள் பக்கத்தில் முணுமுணுப்பு. உதடு அசையாமல் ஒரு வரிகூட அவளுக்கு ஏறாது. சுவரோரம் மூலைக்காரி.

மூலைக்காரி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வருகிறாள். உட்கார்ந்த பிறகுதான் அவிழ்க்கிறாள். வெயிலுக்கு எல்லோரும் மூடுகிறார்கள்தான், ஆனால் மழை தூறிய அன்றும் மூடியிருந்தாள். சன்னல் பக்கம் காற்று வருகிற நாற்காலி காலியாக இருந்தும் போகமாட்டாள். முதுகு சுவரில், கண் வாசலில்.

கட்டுரைக்கு நல்ல ஆள்.

ஜூலை 8, சனி

சார் தலையிடக் கூடாது என்றார். ஒரு சின்னச் சோதனை தலையிடுவது ஆகாது. மூலைக்காரி வருவதற்கு முன்பே போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, நீங்க வேற எங்கன வேணும்னாலும் உக்காருங்க. அந்த எடத்த மட்டும் எனக்குக் குடுத்துருங்க" என்றாள்.

எழுந்துவிட்டேன். நாள் முழுக்க ஒரு மாதிரி இருந்தது.

ஜூலை 10, திங்கள்

துணி துவைத்தேன். விடுதி மெஸ்ஸில் மறுபடியும் கத்திரிக்காய். அப்பா ஒரு ஜாதகம் அனுப்பியிருக்கிறார், மாப்பிள்ளை மின்வாரியத்தில் இருக்கிறாராம். பார்க்கவில்லை.

ஜூலை 13, வியாழன்

கழிப்பறையில் மூலைக்காரி முகம் கழுவிக்கொண்டிருந்தாள், அழுதிருந்தாள். நாற்காலி பேசக் கூடாதுதான். ஆனால் கண்ணெதிரே ஒருத்தி அழுதால் என்ன செய்வது? "என்னம்மா" என்றேன். அவ்வளவுதான், கொட்டிவிட்டாள்.

பெயர் கோமதி. பிப்ரவரியில் பதிவுத் திருமணம். அவன் வேறு ஆட்கள். அவள் அதற்கு மேல் விளக்கவில்லை, எனக்கும் விளக்கத் தேவையில்லை. பெயர் மதியழகன், செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. பேட்டைப் பக்கம் யாருக்கும் தெரியாமல் ஒரு அறையில் இருக்கிறார்கள்.

"அண்ணன்மாரு ரெண்டு பேரும் தேடிக்கிட்டே இருக்காங்கக்கா. கண்டா விடமாட்டாங்க. இந்தப் பரீட்சை மட்டும் பாஸாயிட்டா வேற மாவட்டத்துக்கு ஓடிருவோம். அது வரைக்கும் இங்க கூட்டத்தோட கூட்டமா இருந்தா பயமில்ல. ராத்திரி எட்டு மணிக்கு அவுக வேலை முடிஞ்சு வந்து கூட்டிக்கிடுவாக."

"உங்கம்மா?"

"அம்மா பாவம்க்கா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரே ஒருக்க அவளப் பாத்தாப் போதும்னு இருக்கு." மறுபடியும் அழுதாள். பிறகு, "யாராச்சும் என்னயத் தேடி வந்தா தெரியாதுன்னு சொல்லிருங்கக்கா" என்றாள். சரி என்றேன்.

இந்த நூலகத்தில் யாரிடம் ஒரு வார்த்தை பேசினாலும் இரண்டாவது கேள்வி எந்த ஊர் என்பதுதான். அடுத்தது, அந்த ஊரில் எந்தத் தெரு, யார் வீடு. இவள் ஒருத்திதான் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

ஜூலை 17, திங்கள்

இப்போது கோமதி காலையில் வந்ததும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள். நாலு மணி வாக்கில் பின்வாசல் வழியாக, சைக்கிள் நிறுத்தம் பக்கம் இருக்கிற டீக்கடைக்குப் போகிறாள். முன்வாசலில் பஸ் நிற்கிறது, ஊர் ஆட்கள் கண்ணில் படலாம் என்ற பயம். சில நாள் அவள் கணவன் கடையிலிருந்து வருகிறான். ஒரே வடையை இருவரும் பிய்த்துத் தின்கிறார்கள். சன்னலிலிருந்து தெரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கென்ன.

ஜூலை 19, புதன்

சார் குறிப்புகளைப் படித்துவிட்டு, "பிரமாதம். யாரு எப்ப எழுந்திருப்பா, எந்த வாசல்ல போவான்னு உனக்கே தெரியுதேம்மா" என்றார். சந்தோஷமாக இருந்தது. இந்தத் துறையில் என்னை யாரும் பிரமாதம் என்று சொன்னதில்லை.

ஜூலை 22, சனி

கோமதி வரவில்லை. பரீட்சைக் கட்டணம் கட்ட எங்கோ போயிருக்கிறாள் என்று சோடாபுட்டி சொன்னாள்.

மத்தியானம் அந்தோணி அண்ணன் கூப்பிட்டார். "பாப்பா, ஒரு அம்மா தூக்குச்சட்டியோட வந்து நிக்காங்க. கோமதின்னு கேக்காங்க. உங்க மேஜைதான?" இங்கே இது வழக்கம். மகன், மகளுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பெற்றவர்கள் வாசலில் நிற்பார்கள். மேஜையில் இருக்கிற யாராவது போய் வாங்கிக்கொள்வோம்.

ஐம்பது வயது இருக்கும். நூல் சேலை, வெறும் காது. தூக்குச்சட்டியை இடுப்பில் அணைத்தபடி நின்றார். கோமதியின் அதே நெற்றி. தெரியாது என்றுதான் முதலில் சொன்னேன்.

"தெரியாதுன்னு சொல்லாதம்மா. இங்கதான் படிக்கான்னு அவகூடப் படிச்ச புள்ள சொல்லிச்சு. நான் மட்டுந்தான் வந்திருக்கேன். வீட்டுல கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அவளுக்குப் பிடிக்கும்னு புளிச்சாதம் கிண்டிக் கொண்டாந்தேன்." அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ எந்த ஊரும்மா?" என்றார்.

"சாலைக்குளம்."

"சாலைக்குளத்துல யாரு வீடு?"

"வாத்தியார் பரமசிவம் மக."

"அட, வாத்தியார் மகளா! அப்ப நம்ம புள்ளைல்லா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் குரலே மாறிவிட்டது. என் குரல் மாறியதா என்று கவனிக்கவில்லை.

அம்மாவை ஒருமுறை பார்த்தால் போதும் என்று கோமதி அழுததைச் சொன்னேன். திங்கட்கிழமை வருவாள், முன்வாசலில் நின்றால் பார்க்க முடியாது, நாலு மணிக்குப் பின்வாசல் டீக்கடைக்கு வருவாள் என்றும் சொன்னேன். அது தகவல் இல்லை, ஆறுதல். பெற்றவள் கேட்கிறாள்.

"அவகிட்ட முன்கூட்டிச் சொல்லிராத தாயி. சொன்னா பயந்து ஓடிருவா." அதுவும் சரியாகத்தான் பட்டது. என் செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டார், அவருடையதையும் கொடுத்தார். புளிச்சாதத்தை என்னையே சாப்பிடச் சொன்னார். நன்றாக இருந்தது. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

ஆய்வுக் கோப்பில் இதை எழுதவில்லை. தலையிட்டதாக ஆகிவிடும்.

ஜூலை 23, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். கோமதியின் முகம் நாளைக்கு எப்படி மாறும் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஜூலை 24, திங்கள்

நாலு மணிக்குச் சன்னல் பக்கம் போய் நின்றேன்.

கோமதி பையை மேஜையிலேயே வைத்துவிட்டு வழக்கம்போல் போனாள். டீக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைக் கார் நின்றது. அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கோமதி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மேலே இருந்த எனக்கே கண் கலங்கிவிட்டது.

காரின் முன்பக்கத்திலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். அம்மா தனியாக இவ்வளவு தூரம் எப்படி வருவார், துணைக்கு வந்திருப்பார்கள். கோமதி அழுகையில் கால் தடுமாறினாள். அவர்கள் கை கொடுத்து ஏற்றிவிட்டார்கள். கதவு மூடுவதற்கு முன் அவள் நூலகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. தூரத்தில் சரியாகத் தெரியவில்லை.

கார் போன பிறகு ஒற்றைச் செருப்பு கிடந்தது. அவசரத்தில் விட்டிருப்பாள். டீக்கடைக்காரர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். என்ன படித்தேன் என்று நினைவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

பை அங்கேயே இருக்கிறது.

காலையில் ஒரு பையன் வந்து, "இங்க ஆள் இருக்கா?" என்றான். முணுமுணுப்பு தலையைத் தூக்காமல், "ஆள் இருக்கு" என்றாள்.

பதினோரு மணி வாக்கில் மதியழகன் வாசலில் வந்து நின்றிருக்கிறான். ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறான் போல. அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அந்தோணி அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "பை இருக்கே! இட்லி சாப்பிடப் போயிருக்கும், வந்துரும்" என்று அவரே முடிவு செய்துகொண்டு போனார். அவர்மேல் தப்பில்லை. பை இருந்தால் ஆள் காலையில் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்றுதான் இங்கே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். சோடாபுட்டிகூட, "காலைல பாத்த மாதிரிதான் இருக்கு" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் பைக்குள் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நிற்கும், மறுபடி அதிரும். மேஜை முழுக்க அந்த அதிர்வு. யாரோ "உஸ்" என்றார்கள். யாரும் பையைத் தொடவில்லை.

ஜூலை 26, புதன்

செல்போன் அதிரவில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கும்.

அந்தோணி அண்ணன் சொன்னார்: அந்தப் பையன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனானாம். அவர்கள் நூலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்களாம். இவர் பை இருக்கிறது என்றாராம். "பை இருந்தா ஆளும் அங்கனதான் இருக்கும். புருசன் பொஞ்சாதி சண்டையா இருக்கும், ரெண்டு நாள் பொறு" என்று அனுப்பிவிட்டார்களாம். "நான் உள்ளதத்தான சொன்னேன் பாப்பா?" என்றார். ஆமாம் என்றேன்.

மெஸ் சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை வாந்தி.

ஜூலை 27, வியாழன்

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தார்.

"கோமதி எப்படிம்மா இருக்கா?"

"இருக்காம்மா. தூங்குதா."

"பகல்லயா? ஒரு நிமிசம் பேசச் சொல்லுங்களேன்."

பக்கத்தில் ஒரு ஆண் குரல், "யாரு அது?" என்றது. அம்மா, "வாத்தியார் மவ" என்றார். பிறகு என்னிடம், "அப்புறம் பேசுவா" என்று வைத்துவிட்டார்.

தூங்குகிறாள் என்றால் நல்லதுதான். அம்மா பக்கத்தில் இருக்கிறாள். பெற்ற தாய் இருக்கிற வீட்டில் என்ன ஆகிவிடும்?

ஜூலை 28, வெள்ளி

அந்தோணி அண்ணன் இரக்கப்பட்டு மதியழகனை உள்ளே விட்டுவிட்டார். அவன் கோமதியின் நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றான். ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேட்டான். கவனிக்கவில்லை, கவனிக்கவில்லை என்று மேஜையைச் சுற்றி வந்தது.

என்னிடம் வந்து, "கனியக்கா நீங்கதான?" என்றான். "உங்களப் பத்திச் சொல்லிருக்கா. அந்த அக்கா எதிர்ல இருக்கறவரைக்கும் எனக்குப் பயமில்லன்னு சொல்லுவா."

நானும் கவனிக்கவில்லை என்றேன்.

ஜூலை 29, சனி

அப்பா போன். இவ்வளவு உற்சாகமாக அவர் என்னிடம் பேசி வருஷக்கணக்காயிற்று.

"உன்னயப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கோமதி வீட்டு ஆளுக வந்துட்டுப் போனாவ. ஒரு தார் பழம், உனக்கு ஒரு பட்டுச்சேல. வாத்தியார் மக குடும்ப மானத்தக் காப்பாத்திட்டான்னு சொல்லிட்டுப் போறாவ."

"அந்தப் புள்ள எப்படிப்பா இருக்கு?"

"அது அவுக வீட்டு விசயம். நீ வாயத் தொறந்துராத. நீ உண்டு, உன் படிப்பு உண்டுன்னு இரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சேல நல்ல வெல இருக்கும் போல" என்றார்.

போலீஸுக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். எண்ணை அழுத்தி வைத்திருந்தேன். என்ன சொல்வது? ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள் என்றா? யார் சொன்னது என்று கேட்பார்கள், பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் வேறு. திங்கட்கிழமை சாரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

ஜூலை 31, திங்கள்

சார் விடுப்பு.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

சோடாபுட்டி தன் செல்போனை மேஜைக்கு நடுவில் வைத்தாள். யாரோ வாட்ஸ்அப்பில் வைத்த கண்ணீர் அஞ்சலிப் படம். பட்டமளிப்பு அங்கியில் கோமதி சிரிக்கிறாள். சனிக்கிழமை இரவு இயற்கை எய்தினாளாம். கீழே அப்பா, அம்மா, அண்ணன்மார், சித்தப்பா, மாமன்மார் என்று பெயர்கள். கணவன் பெயர் இல்லை.

"வயித்துவலி தாங்காம மருந்தக் குடிச்சிருச்சாம். விடியறதுக்குள்ள எரிச்சுட்டாங்களாம்" என்றாள் சோடாபுட்டி. முணுமுணுப்பின் உதடு நின்றுவிட்டது. "நாம அந்தப் பையப் பாத்துக்கிட்டே இருந்தோமேடி" என்றாள்.

சனிக்கிழமை இரவு. அப்பா பேசியது சனிக்கிழமை சாயங்காலம்.

ஆகஸ்ட் 2, புதன்

எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

சார் வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "கேள்விப்பட்டேன், பாவம். போலீஸ் அது இதுன்னு வந்தா துறைக்குக் கெட்ட பேரு. நல்லவேளை, நீ பாக்கிற வேலைய மட்டுந்தான பாத்த?" என்றார். கட்டுரையில் அந்த மேஜையை விட்டுவிட்டு வேறு மேஜையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சரி சார் என்று வந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எங்கும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

மதியழகன் பையை எடுத்துப் போக வந்தான். தாடி வளர்ந்திருந்தது. நூலகர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். அவன் பையோடு நேராகப் போகாமல் என்னைத் தேடி வந்தான். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"அக்கா, நான் கேஸ் குடுத்திருக்கேன். அவ வீட்டு ஆளுக என்ன சொல்லுதாகன்னா, என்கூட வாழப் பிடிக்காம அவளே அம்மாவக் கூப்பிட்டு வீட்டுக்குப் போயிட்டாளாம். மனசு வெறுத்து மருந்தக் குடிச்சாளாம். ஸ்டேஷன்ல அதத்தான் எழுதி வச்சிருக்காங்க."

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க அவளக் கடைசியாப் பாத்தீங்களான்னு நான் கேக்கலக்கா. கவனிக்கலன்னு சொன்னீங்க, சரி. இங்க அவ மனசுவிட்டுப் பேசினது உங்ககிட்ட மட்டுந்தான். எங்கூட நல்லா இருந்தா, பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தா, வீட்டுக்குப் போகப் பயந்தா. இத மட்டும் வந்து சொல்லுங்க, போதும். அவ சாகணும்னு நெனைக்கலன்னு சொல்ல எனக்கு ஒரு ஆளு வேணும்."

அவன் கெஞ்சவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னான். கோமதி அவனை ஏன் நம்பினாள் என்று அப்போது தெரிந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வந்தது. தூக்குச்சட்டி, நாலு மணி, வெள்ளைக் கார், எல்லாம். ஒரு வார்த்தை வெளியே வந்தால் மீதியும் வந்துவிடும்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அதுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.